ஸ்கேன் எடுத்த சுவடியை யார் பயன்படுத்துவது?

ஈரோட்டுப் பக்கம் அறச்சலூர் நாகமலைக் குகையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. புலவர் செ. இராசு கண்டறிந்து வெளியே சொன்னது. தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில், வரிக்கு ஐந்தாக ஐந்து வரி:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். ஒரு கோப்பில் இதையே வரி பிரிக்காமல் நீட்டி அடித்து வைத்திருந்தார்கள். எழுத்து ஒன்றும் விடுபடவில்லை, ஆனால் கட்டம் போய்விட்டது. கட்டம் போனால் இந்தக் கல்வெட்டில் மிச்சம் என்ன? கட்டத்தோடு கிடைத்தால் நடன ஆசிரியர் ஜதியாகச் சொல்லிப் பார்ப்பார். பக்கத்துச் சென்னிமலையில் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவர் கிராஃப் தாளில் ஐந்துக்கு ஐந்தாக ஏற்றிப் போர்வையில் கொண்டுவரலாம். இன்னொன்றும் கவனியுங்கள்: எழுத்துகளை இப்படி அமைத்த தேவன் சாத்தனின் பெயரையும் அங்கேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஹார்டு டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், யாருடையது என்ற விவரம்கூடக் கிடையாது.

கோவையில் சுவடி, செப்பேடு, ஒலிநாடா இவற்றை டிஜிட்டலாக்கும் வேலை என்னுடையது. 'அதான் ஸ்கேன் எடுத்தாச்சுங்களே, அப்புறம் என்னங்க?' என்று அடிக்கடி கேட்கிறார்கள். எடுத்த படங்கள் ஐஎம்ஜி 0457, 0458 என்று பீரோவுக்குள் கிடக்கும். எந்த ஊர், யார் வீட்டுச் சுவடி, படமெடுக்க யார் சம்மதித்தார் என்பதெல்லாம் எடுத்தவர் நினைவில் மட்டும். ஓலையின் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு எண் இருக்கும். படம் அழகாக இருக்கட்டும் என்று அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. கட்டிலிருந்து ஏடுகள் ஒருமுறை கலைந்துவிட்டால், பிறகு வரிசைப்படுத்த அந்தப் படங்கள் உதவாது.

தட்டச்சு செய்தவற்றின் கதை வேறு. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010இல்தான், கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் முறைகளான யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. அதற்கு முன்னால் அச்சகத்துக்கு அச்சகம் ஒரு எழுத்துரு. கோயில் மலர், தலபுராணம், ஊர் வரலாறு என்று அப்போது அடித்தவற்றை இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். எந்த எழுத்துரு என்று ஒரு வரி குறித்து வைத்திருந்தால், மாற்றிக்கொடுக்கும் மென்பொருளில் போட்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

அடுத்தது உரிமம், அதாவது பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுக்கும் அனுமதி. ஒன்றும் எழுதாமல் இணையத்தில் ஏற்றிவிட்டால் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். நேர்மையான ஆள் அதைத் தொடவே மாட்டார். கேட்காமல் எடுக்கிறவர் எப்படியும் எடுப்பார். 'வணிக நோக்கமில்லாமல் மட்டும்' என்று கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது உரிமம் கொடுத்தால், விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்க்க முடியாது. உங்கள் ஊர்க் கும்பாபிஷேக மலரை விலைக்கு விற்கும் அச்சகத்துக்கும் சிக்கல்தான். என்னைக் கேட்டால், காப்புரிமை முடிந்த பழைய ஏட்டுக்கு எந்தத் தடையும் வேண்டாம். பெயர் குறிப்பிடச் சொன்னால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக வந்த நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேல் இன்று விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் இருக்கின்றன. உரிமம் தெளிவாக இருந்ததால்தான் தன்னார்வலர்கள் நம்பி உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிறார்கள். படமாக இருந்தது தேடக்கூடிய எழுத்தாகிறது.

எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை. மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கம் பதிவு செய்த அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை), பல பத்தாண்டுகள் கழித்து 26 பாகக் கார்ட்டூன் தொடராக வந்தது. நாடா பத்திரமாக இருந்தது, கூடவே குறிப்புகளும் இருந்தன. ஆனால் இப்படிக் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவருக்கும் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை உண்டு, 50 ஆண்டு. 2005இல் பாடியதென்றால் 2055 முடியும் வரை. அவரிடமோ, அவர் இல்லையென்றால் குடும்பத்தாரிடமோ கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் முறை. 'எங்க அப்பாரு பாடுனதுங்க, ஆருக்கும் தர்றதில்லீங்க' என்று சொல்கிறவர்கள்கூட, எதற்கு, எங்கே, யார் பெயரில் என்று விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருகிறார்கள்.

பட்டயங்களில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். எந்தச் சாதிக்குக் கோயிலில் என்ன உரிமை, யாருக்கு முதல் மரியாதை என்று பேசுபவை அவை. பலவும் பிற்காலத்தில் பெயர்த்து எழுதியவை, சில இட்டுக்கட்டியவை. அதிலிருந்து நாலு வரியை வெட்டி முகநூலில் போட்டு மீசை முறுக்குகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். அதனால் படத்தோடு முழுவாசகமும், காலம் பற்றிய குறிப்பும், ஐயம் இருந்தால் அந்த ஐயமும் சேர்ந்தே போக வேண்டும். எடுத்துப் போடுகிறவர் மூலத்தின் சுட்டியை விடக் கூடாது. பாடத்தில் பிழை கண்டால் உங்கள் பதிவில் மட்டும் திருத்தாமல் காப்பகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்; இல்லையென்றால் அடுத்தவர் அதே பிழையைத்தான் எடுப்பார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களும் கழன்றுவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்புங்கள். அனுப்பும் முன் கோப்பின் பெயரில் ஊர், பொருள், ஏட்டு எண் மூன்றையும் போட்டுவிடுங்கள்.