தீவைக் காப்பாற்ற ஏன் தண்ணீருக்குள் இறங்க வேண்டும்?

மன்னார் வளைகுடாத் தீவுகளில் குப்பை அள்ளத் தன்னார்வலர்கள் படகில் போகிறார்களே, நாலு மூட்டை பிளாஸ்டிக்கைப் பொறுக்கினால் தீவு பிழைத்துவிடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் கிண்டல் தெரிகிறது. நியாயமான கிண்டல்தான். கரையில் கிடக்கும் பாட்டிலால் எந்தத் தீவும் கரைந்துபோகாது. தீவு நிற்பதும் கரைவதும் அதைச் சுற்றி நீருக்கடியில் இருக்கும் பவளப்பாறையைப் பொறுத்தது.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள். 1986 முதல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. தீவுகள் பெரும்பாலும் பவளத் துண்டும் சிப்பித் தூளும் மணலும் சேர்ந்த தாழ்வான மேடுகள். கிளிமீன் பாறையைக் கொறித்துக் கழித்த மணலும் அதில் உண்டு.

சரி, நாலு பக்கமும் அலை அடிக்கும்போது இந்த மணல் எப்படி ஒரே இடத்தில் குவிந்து நிற்கிறது? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கரையோர ஆழத்தில் நீண்ட அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் ஓடும் அலை, 2.5 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டர்தான் ஓடும். ஒரு மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர். இப்போது நேர்கோடாக வரும் ஓர் அலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதி பாறைமேட்டில் ஏறித் தயங்குகிறது. இரு ஓரங்களும் ஆழத்திலேயே இருப்பதால் வேகம் குறையாமல் முன்னே போகின்றன. ஆக, அலை வளைகிறது. வளைந்து, பாறையை இருபுறமும் சுற்றிக்கொண்டு, பின்பக்கத்தில் தன்னைத்தானே எதிரெதிராகச் சந்திக்கிறது! அங்கே இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று தணித்துவிட, நீர் சுமந்துவந்த மணல் கீழே படிகிறது. அடுத்த அலை, அதற்கடுத்த அலை எல்லாம் இதையேதான் செய்கின்றன. வடகிழக்கு வாடைக் காற்றில் ஒரு பக்கம், தென்மேற்குக் கச்சான் காற்றில் மறுபக்கம் என்று மணல் கொஞ்சம் இடம் மாறும். ஆனால் பாறையை விட்டுப் போகாது.

பாறைமேல் உடையும் அலை தன் ஆற்றலையும் இழக்கிறது. உலகின் பல இடங்களில் செய்த அளவீடுகளைத் தொகுத்து 2014-இல் வந்த ஆய்வு, பவளத்திட்டுகள் அலையின் ஆற்றலைச் சராசரியாக 97 சதவீதம் குறைப்பதாகக் காட்டியது.

பாறையை எடுத்துவிட்டால் அலை தயங்கவும் வளையவும் காரணமே இல்லை. இந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கியதைக் கடலம்மாவின் கோபம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பவளத்தை வெட்டிப் படகு படகாக ஏற்றியது கடலம்மாவா என்ன? வான் தீவும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. 2015-க்குப் பிறகு அதன் முன்னால் துளையிட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கினார்கள், தேய்மானம் தணிந்து மணல் சேரத் தொடங்கியது. நல்ல வேலைதான். ஆனால் கடல்மட்டம் உயர்ந்தால் கான்கிரீட் கூடவே வளராது, உயிருள்ள பவளம் வளரும். டெண்டர் விட்டுக் கட்டும் வேலைக்குக் கிடைக்கும் பணம், ஆண்டுதோறும் போய்த் தீவை அளந்துவரும் படகின் டீசலுக்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம்.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். தன்னார்வலர் செய்வதில் அதிகப் பலன் தருவது பாறையில் சிக்கிய வலையை எடுப்பது. நைலான் கடல்நீரைவிடக் கனமானது. அறுந்த நைலான் வலை, மிதவை இல்லாவிட்டால், மூழ்கிப் பவளக் கிளைகளில் மாட்டும். ஒவ்வோர் அலைக்கும் இழுபட்டு அவற்றின் தோலை உரிக்கும். ஆசிய-பசிபிக் பவளத்திட்டுகளைப் பார்த்து 2018-இல் வந்த ஆய்வின்படி, பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து பிளாஸ்டிக் பட்ட இடத்தில் 89 சதவீதமாகிறது.

வலையைப் படகிலிருந்து இழுக்கக் கூடாது, கிளையோடு வந்துவிடும். பழகிய முக்குளிப்பவர் கீழே இறங்கிக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி மேலே அனுப்ப வேண்டும். பவளம் மூடி வளர்ந்துவிட்ட வலையை அப்படியே விட்டுவிடலாம். முக்குளிக்கத் தெரியாதவர்களுக்குப் படகில் வலையை வாங்கி எடைபோடும் வேலையும் கரை வேலையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும், சும்மா போய்த் தீவில் இறங்க முடியாது.

கரை வேலைக்குப் போகிறவர்கள், காய்ந்து ஒதுங்கிய கடற்புல் குவியலைக் குப்பை என்று அள்ளிவிடாதீர்கள். காற்றில் பறக்கும் மணல் அதில்தான் சிக்கித் தங்குகிறது. அதற்குள் மாட்டியிருக்கும் நைலானை மட்டும் உருவி எடுத்து மூட்டையில் போடுங்கள்.