வெறும் கறியில் வளரும் நாய்க்குட்டிகள்

"நாய் கறி தின்கிற ஜென்மம்தானே டாக்டர், அதான் பச்சையாவே போடுறோம்" என்று சொல்லிக்கொண்டே குட்டியைத் தூக்கி வருகிறார்கள். தூக்கித்தான் வர வேண்டும், அதனால் நடக்க முடியாது. பெரும்பாலும் மூன்று, நான்கு மாத ராட்வைலர் அல்லது லாப்ரடார். முன்னங்கால் வளைந்திருக்கும், தொட்டால் கத்தும். அடி எதுவும் படவில்லை, சோபாவிலிருந்து குதித்தது அவ்வளவுதான் என்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் தாள்போல மெலிந்து, ஓரிடத்தில் முறிந்திருக்கும்.

எலும்பு நீக்கிய 100 கிராம் கறியில் கால்சியம் ஏறத்தாழ 10 மில்லிகிராம். பாஸ்பரஸோ 200ஐ ஒட்டி இருக்கும். வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸைவிடக் கால்சியம் சற்றுக் கூடுதலாக வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்பதால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. குட்டி கொழுகொழுவென்று இருக்கும்போதே இது நடக்கும்; அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சீக்கிரம் கொண்டுவந்தால் உணவை மாற்றி, கூண்டில் ஓய்வு கொடுத்து மீட்டுவிடலாம். இடுப்பெலும்பு நசுங்கிக் குறுகிவிட்டால் மீளாது. அந்த நாய் ஆயுசு முழுக்க மலம் கழிக்க முக்கிக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்டதும் கால்சியம் டானிக்கை ஊற்றத் தொடங்காதீர்கள். பெரிய இனக் குட்டிகளின் உடலுக்கு, முதல் சில மாதங்களில், மிகுதியான கால்சியத்தை உறிஞ்சாமல் தடுக்கத் தெரியாது. அதுவும் மூட்டையும் எலும்பையும் கெடுக்கும்.

எலும்போடு போட்டால்? பச்சை எலும்பில் கால்சியம் உண்டுதான். அளவு மிஞ்சினால் மலம் வெளுத்து இறுகி அடைத்துக்கொள்ளும். மாட்டுக்கால் எலும்பைக் கடித்துக் கடைவாய்ப் பல் பிளப்பதும், வளைய எலும்பு கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்வதும் எங்களுக்குப் பழகிய கேஸ்கள். பிரியாணி எலும்பு இன்னும் மோசம்: வெந்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் குத்தும்.

கறிக்கடைக் கழிவில் சால்மோனெல்லா இருக்கலாம். ஃபிரீசரில் வைத்தாலும் அது சாகாது. நாய்க்கு ஒன்றும் ஆகாமலே மலத்தில் கிருமி வெளிவரும், அதே நாய் குழந்தையின் முகத்தை நக்கும். நீர்க்கட்டி உள்ள ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகத் தின்றால் நாய்க்கு நாடாப்புழு வரும். அதன் முட்டை நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் நீர்க்கட்டி வளரும். இந்த ஒன்றுக்காகவே பச்சைக் கழிவை அடியோடு நிறுத்தச் சொல்வேன்.

குட்டிக்கு, அதன் இனத்துக்கேற்ற முழுமையான பப்பி உணவே முதன்மையாக இருக்கட்டும். கறி கொடுக்க ஆசையா? எலும்பை எடுத்து, நன்றாக வேகவைத்து, மேலே கொஞ்சம் போடுங்கள். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் கால்சியம் அளவை மருத்துவரிடம் எடைக்கேற்பக் கணக்குப் போட்டு வாங்குங்கள். குட்டி காலை ஊன்றத் தயங்கினால் வலி மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே கொண்டு வாருங்கள். மனிதருக்கான வலி மாத்திரை அதற்கு விஷமாகலாம். வரும்போது என்ன போடுகிறீர்கள், எவ்வளவு போடுகிறீர்கள் என்று எழுதி, டானிக் பாட்டில்களையும் எடுத்து வாருங்கள்.