நாய்க்கறியும் வெட்டுப்பட்ட விரலும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாகக் கறி வாங்கும் கடையில், போன ஞாயிற்றுக்கிழமை பாய் ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தார். "என்ன பாய் கையில?" "நேத்து தொடை பிரிக்கறப்ப கத்தி வழுக்கிடுச்சு சார்." பிளாஸ்டர் ரத்தத்தில் ஊறி ஒரு ஓரம் பிரிந்திருந்தது. ஆட்டு ரத்தமா, அவர் ரத்தமா என்று சொல்ல முடியாது. எனக்குப் பின்னால் நின்றவர் தன் பங்குக்கு ஆரம்பித்தார்: "பாத்து வாங்குங்க, வீட்டுக்குப் போனதும் லொள்ளுனு கத்தப் போவுது."

இந்தக் கிண்டல் பழசுதான். ஆனால் 2018 நவம்பரில் அது தலைப்புச் செய்தியாகவே ஆனது. ஜோத்பூரிலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சியைப் பிடித்தார்கள். வால் நீளமாக இருக்கிறதே, நாய்தான் என்று பேச்சு கிளம்பியது. சில நாள் பிரியாணிக் கடைகள் ஈயாடின. கடைசியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வில் அது வெள்ளாட்டுக்கறி என்று தெரிந்தது.

தோலும் தலையும் இல்லாத கறியை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னச் சின்ன ஆற்றல் உலைகள் உண்டு. அவற்றுக்கெனத் தனி டி.என்.ஏ. இருக்கிறது, ஒரே செல்லில் அது நூற்றுக்கணக்கான பிரதிகளாகக் கிடக்கும். அதனால் வேகவைத்து மசாலா போட்ட துண்டிலும் கொஞ்சமாவது மிஞ்சும். அதில் ஒரு பகுதியை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எழுத்துவரிசையை ஆட்டோடும் நாயோடும் ஒப்பிட்டால் சோலி முடிந்தது. வாலை அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

சரி, நிஜமாகவே நாய்க்கறி என்றால் என்ன ஆகும்? "தின்றால் ரேபிஸ் வரும்" என்று பலர் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பயம் தப்பான இடத்தில் விழுகிறது. ரேபிஸ் வைரஸ் சூடு தாங்காது. நன்றாக வெந்த கறியில் அது செத்துப்போகும். ஆபத்து அடுப்புக்கு முன்னால், வெட்டும் மேடையில் இருக்கிறது. வெறி பிடித்த நாயின் மூளையிலும் எச்சிலிலும் வைரஸ் மண்டிக் கிடக்கும். தலையைப் பிளப்பவர் விரலில் பாய்க்கு இருந்ததுபோல ஒரு வெட்டு இருந்தால் போதும்.

உள்ளே போன வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. தசையில் நரம்பு வந்து முடியும் இடத்தைப் பிடித்து உள்ளே நுழைகிறது. நரம்பிழைக்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் புரதங்கள் உண்டு. அவற்றின் முதுகில் ஏறி, நாளுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. இந்தப் பயணத்தில் நோய் எதிர்ப்புப் படையின் கண்ணில் அது அதிகம் படுவதில்லை. அறிகுறி தெரிய பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். கடிபட்ட பிறகு போடும் தடுப்பூசி வேலை செய்வதே இதனால்தான். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற காலம் மலையேறிவிட்டது, இப்போது கையில் போடுகிறார்கள். அறிகுறி வந்துவிட்டால் மட்டும் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை.

இது வெறும் ஊகம் இல்லை. வியட்நாமில் இரண்டு பேர் ரேபிஸில் இறந்ததை மருத்துவர்கள் 2009-இல் பதிவு செய்தார்கள். ஒருவர் சாலையில் அடிபட்டுச் செத்த நாயை அறுத்துச் சமைத்தவர். இன்னொருவர் நோய்ப்பட்டிருந்த பூனையை அறுத்தவர். இருவரையும் எந்த விலங்கும் கடிக்கவில்லை. தின்றதால் அல்ல, அறுக்கும்போதுதான் தொற்றியிருக்கும் என்பது மருத்துவர்கள் கணிப்பு.

அரைவேக்காட்டில் வேறு தொல்லை உண்டு. டிரிக்கினெல்லா என்னும் புழுவின் குஞ்சு தசைக்குள் சுருண்டு உறங்கும். சரியாக வேகாத கறியோடு அது தின்பவர் உடம்புக்குள் போய்விடும். சீனாவில் நாய்க்கறி வழியாக இந்தப் புழு மனிதருக்குத் தொற்றியிருக்கிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது கறிக்காக நாய்களை ஏற்றிப் போகும் லாரிதான். ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் சங்கிலி அறுந்துவிடும். கறி வியாபாரி ஊர் ஊராக நாய் பிடிக்கும்போது, ஊசி போட்ட நாயும் சேர்ந்தே போகிறது. எந்தத் தெருவில் பிடித்தது, எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாத நாய்கள் ஒரே கூண்டில் கடித்துக்கொண்டு மாநிலம் தாண்டுகின்றன. ஆட்டுக்காவது அறுக்கும் முன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் உணவுச் சட்டப்படி நாய் உணவு விலங்கே இல்லை, ஆகவே பார்க்க ஆளும் இல்லை.

நாய்க்கறிக்கு எதிராகப் பிரச்சாரம் செய்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். "சீ, நாய் தின்பவர்கள்" என்று ஏசினால் ஏசப்பட்டவர் முறைத்துக்கொண்டு நிற்பார். நாகாலாந்து அரசு 2020 ஜூலையில் நாய்க்கறி விற்பனைக்குத் தடை போட்டது; 2023-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தென்கொரியா 2024 ஜனவரியில் நிறைவேற்றிய சட்டம் வேறு மாதிரி: வளர்ப்பதும் அறுப்பதும் விற்பதும் 2027-இலிருந்து குற்றம், தின்பவருக்குத் தண்டனை இல்லை. ஆபத்து எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையைப் பிடிக்கும் சட்டம் அது.

தெருநாய் கடித்தாலும் கீறினாலும் முதல் மருந்து சோப்புதான். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஊசிக்கு ஓட வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

அரைக்கிலோ வாங்கிக்கொண்டு கிளம்பும்போது பாய் குழாயடியில் பிளாஸ்டரை உரித்துப் போட்டுவிட்டு, பாத்திரச் சோப்பில் முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருந்தார். எரியலையா என்றேன்.

"எரியத்தான் செய்யுது. கொழுப்பு வெறுந்தண்ணிக்குப் போவாதே சார்."