தாத்தா பேரில் ஓடிய வேன்

அம்பாசமுத்திரத்தில் ஆடிட்டர் தொழில் பார்க்கிறேன். என்னிடம் கணக்குக் கொடுப்பவர்களில் அரிசி ஆலைக்காரர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், பீடி ஏஜென்ட்டுகள் எல்லாம் உண்டு. அவர்களுக்கு நடுவில் ஒரு குடும்பம் மட்டும் காடு பார்க்க வருகிறவர்களை மலைக்கு ஏற்றி இறக்குவதை மூன்று தலைமுறையாகத் தொழிலாக வைத்திருக்கிறது. அவர்கள் கதையை எழுத அனுமதி கேட்டேன். "பேரைப் போடாம எழுதுங்க சார், நாலு பேருக்கு உதவட்டும்" என்றார்கள்.

தொழிலைத் தொடங்கியவரை ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். ஒரு பழைய அம்பாசடர் காரில் ஆரம்பித்து மெட்டடோர் வேனுக்குப் போனவர். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிற குடும்பங்களை, பொங்கல் பானையும் பாயுமாக ஏற்றிக்கொண்டு போய் விடுவார். மற்ற மாதங்களில் காரையாறு. அணையில் படகேறிப் பாணதீர்த்தம் போய்க் குளிக்க முடிந்த காலம் அது. மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று எஸ்டேட் பக்கமும் ஓட்டியிருக்கிறார்.

அவர் கணக்கு எழுதிய பேரேடு இப்போதும் கண்ணில் நிற்கிறது. சிவப்பு ரெக்சின் அட்டை போட்ட நீள நோட்டு. இடது ஓரம் தேதி, நடுவில் 'சொ.கோயில், 14 தலை, பானை கூடுதல்' என்று ஒரு குறிப்பு, கடைசியில் தொகை. பாக்கி வைத்தவர் பேருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுவார். பணம் வந்ததும் ரப்பரால் அழித்துவிடுவார். அவ்வளவுதான் அவருடைய வசூல் முறை. முப்பது வருஷம் அது பிசகாமல் நடந்தது, ஏனென்றால் எந்தக் கோடு எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

2017 ஆவணியில் அவர் காலமானார். நோட்டில் பதினேழு பென்சில் கோடுகள் அழிக்கப்படாமல் கிடந்தன. அதில் எது நிஜமான பாக்கி, எது அழிக்க மறந்தது என்று சொல்ல யாரும் இல்லை.

காரியம் முடிந்த மறுவாரமே இளைய மகன் வண்டிகளை எடுத்துவிட்டார். அவர்தான் இருபது வருஷமாக அப்பாவோடு ஓட்டியவர். புரட்டாசி சனிக்கிழமைக்கு முன்பதிவு வாங்கியிருந்தார்கள், நிறுத்த முடியாது. இரண்டு வேன், ஒரு கார். மூன்றுக்கும் ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாமே அப்பா பேரில். "மெதுவா மாத்திக்கலாம் சார், யாரு கேக்கப் போறா" என்றார். நானும் ஒருமுறை சொல்லிவிட்டு, வருஷக் கடைசி வேலையில் அப்படியே விட்டுவிட்டேன். துக்க வீட்டில் திரும்பத் திரும்பக் காகிதத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று தயங்கினேன். இன்றைக்குத் தயங்க மாட்டேன்.

தை மாதம் ஒரு சாயங்காலம், காரையாற்றிலிருந்து இறங்கும்போது வளைவில் ஒரு மிளா மான் குறுக்கே வந்தது. டிரைவர் ஒடித்ததில் வேன் தடுப்புச் சுவரில் மோதியது. உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டு பேருக்குக் கை எலும்பு முறிவு, வேனின் முன்பக்கம் அப்பளம்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. வண்டி இன்சூரன்ஸ் எடுத்தவர் இறந்துபோனால் பாலிசி உடனே போய்விடாது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடிகிற தேதி, இதில் எது முந்தியோ அதுவரை செல்லும். அதற்குள் வாரிசுகள் தங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெர்மிட்டும் ஏறக்குறைய அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டம் 82-ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தால், இறந்தவர் பெர்மிட்டை மூன்று மாதம் வரை ஓட்டலாம். ஆர்.சி. மாற்றத்துக்கும் அதே 30 நாள், மூன்று மாதம்தான் கணக்கு. இவர்களுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேன் பழுதுக்கு ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. கைமுறிந்த இரண்டு பேரின் ஆஸ்பத்திரிச் செலவையும் குடும்பமே கட்டியது. அண்ணாச்சி மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்ததை நான் நேரில் பார்த்தேன்.

சரி, பேரை மாற்றலாம் என்று உட்கார்ந்தபோது அடுத்த கேள்வி வந்தது. யார் பேருக்கு? 'ஓட்டினவனுக்குத்தானே வண்டி' என்பதுதான் ஊர் நினைப்பு. சட்டம் அப்படி இல்லை. அண்ணாச்சி உயில் எழுதவில்லை, வண்டிகள் அவர் சொந்தமாகச் சம்பாதித்தவை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், நாலு பேருக்கும் சம பங்கு. சவுதியில் இருக்கும் மூத்தவருக்கும், கடையத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கும், இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த இளையவருக்கும் ஒரே அளவு. இளையவர் முகம் சுருங்கிவிட்டது. மகளிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று உறவில் யாரோ சொன்னார்கள். அந்த அம்மா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எனக்கு வண்டி வேண்டாம் சார். ஆனா எங்கப்பா ஆரம்பிச்சதுல எம் பேரும் எங்கயாச்சும் ஒரு ஓரமா இருக்கணும்." அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மூத்தவர் போனில் வேறொன்று கேட்டார். வண்டிக்கு விலை போடுகிறீர்கள், அப்பா பிடித்து வைத்த 'மாஞ்சோலை ரூட்டு'க்கு என்ன விலை? நியாயமான கேள்விதான், கடை என்றால் பேருக்கும் மதிப்புப் போடுவோம். ஆனால் இந்தத் தொழிலில் அதை நான் பூஜ்யம் என்றுதான் எழுதினேன். காரணத்தைக் காட்டுலா நடத்தும் எல்லாக் குடும்பங்களும் புரிந்துகொள்ள வேண்டும்.

முண்டந்துறை 1962-இலேயே புலிகள் சரணாலயம் ஆனது. 1976-இல் களக்காடு சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயமானது. இரண்டும் சேர்ந்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆக, அண்ணாச்சி ஓட்டிய பாதையில் பெரும்பகுதி வனத்துறை கதவைத் திறந்தால் மட்டுமே பாதை. 2012 ஜூலை 24-இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை போட்டது. அக்டோபர் 16-இல்தான் விலகியது. அந்த மூன்று மாதம் வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அண்ணாச்சி கடன் வாங்கினார். முன்பணம் என்பது போய்வந்த பிறகுதான் நம் பணம் என்று அதற்குப் பிறகுதான் தனி வங்கிக் கணக்கு வைத்தார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைப் பலிகொண்டது. அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. தெரிந்த ஆள் மூலம் மாணவர்களை மலையில் நடத்திக் கூட்டிப்போவதெல்லாம் அத்தோடு முடிந்தது, முடிய வேண்டியதும்தான். 2023 டிசம்பர் வெள்ளம் ஒரு பருவத்தையே கொண்டுபோனது. மாஞ்சோலையைப் பாருங்கள்: ஒரு கம்பெனி சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த எஸ்டேட். 2028-இல் முடிகிற அந்தக் குத்தகைக்கு முன்பே, 2024-இல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள் பெட்டி கட்டினார்கள். அத்தனை பெரிய கம்பெனி கையில் இருந்த காகிதத்துக்கே முடிவு தேதி இருக்கும்போது, ஒரு வேன்காரரின் 'ரூட்டு'க்கு நான் எப்படி விலை போடுவேன்? வெள்ளமும் மாஞ்சோலையும் பின்னால் நடந்தவை; அன்றைக்கு மூத்தவரிடம் 2012 தடையைத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார்.

கடைசியில் நாலு பேரும் கூட்டாளிகளாகப் பத்திரம் எழுதினோம். இளையவருக்கு மாதச் சம்பளம் தனியாக, அதற்குப் பிறகுதான் லாபப் பங்கு. உழைப்புக்கும் உரிமைக்கும் தனித்தனியே கணக்கு வைத்ததும் மனஸ்தாபம் பாதி கரைந்தது. கூட்டாளி ஒருவர் இறந்தால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனமே கலைந்துவிடும். அதனால் மற்றவர்கள் தொடரலாம் என்று ஒரு வரி சேர்த்தோம். இரண்டே பேர் கூட்டு என்றால் அந்த வரியும் காப்பாற்றாது, மிச்சம் ஒருவர்தானே. அப்புறம் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. சிலர் இதைத் தேவையில்லாத செலவு என்பார்கள். பதியாத கூட்டு நிறுவனம், சுற்றுலா கூட்டிப்போன பாக்கிக்காக ஒரு கல்லூரி மேல் வழக்குப் போட நினைத்தாலும் கோர்ட் ஏற்காது. வண்டிகள் மூன்றும் நிறுவனத்தின் பேருக்கு வந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சீசன் கூட்டத்தில் வண்டி போதாமல் பக்கத்து வீட்டு ஒயிட் போர்டு காரை வாடகைக்கு அனுப்புவது நம் பக்கம் சர்வசாதாரணம். விபத்து என்று வந்தால் தனியார் காருக்கு எடுத்த இன்சூரன்ஸ் கைவிரிக்க அது ஒன்றே போதும். கார் கொடுத்து உதவியவர்தான் தெருவில் நிற்பார்.

இப்போது தொழிலை நடத்துவது கடையத்து மகளின் மகள். மலைக்கதவு மூடினால் வேறு வழி வேண்டும் என்று கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்க ஆள் கூட்டிப்போகிறாள். ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டும் ஊர் அது. அங்கே இறங்கியதும் சத்தம் போடாதீங்க என்றுதான் முதலில் சொல்வாளாம். அவள் கணக்கு லேப்டாப்பில் இருக்கிறது. தாத்தாவின் சிவப்பு நோட்டு மேசை மேல் இருக்கிறது.

போன வாரம் வந்திருந்தாள். தாத்தாவின் பழைய வீட்டில் இரண்டு அறையைச் சரிபண்ணி, வெளியூர்க்காரர்கள் தங்க விடலாம் என்று யோசனை. வரவு செலவெல்லாம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள், நன்றாகவே இருந்தது. "வீட்டுப் பட்டா யார் பேர்ல இருக்கும்மா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "தாத்தா பேர்லதான் சார்." மறுநாள் காலை பத்து மணிக்கு ஆச்சியையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றாள்.