பேனாக்கத்திக்குள் ஓர் ஆப்பு

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வாழைத்தோப்புக்குப் போகும்போது சட்டைப்பையில் போட்டுக்கொள்ள, கனமில்லாத மடக்குக் கத்தி ஒன்று வேண்டும். எங்கே பார்த்தாலும் எஃகு வகைகளின் பெயரையே அடுக்குகிறார்கள். நான் எதைப் பார்த்து வாங்குவது?"

எஃகு அப்புறம். முதலில் பூட்டைப் பாருங்கள்.

எடைக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். எஃகின் அடர்த்தி தண்ணீரைப் போல 7.8 மடங்கு. கண்ணாடி இழை கலந்த நைலானுக்கு ஏறக்குறைய 1.4 மடங்குதான். பிடியை நைலானில் செய்து, உள்ளே இருக்கும் எஃகுத் தகட்டில் துளைகள் போட்டுவிட்டால் கனம் வெகுவாகக் குறைகிறது. அமெரிக்காவின் பக் 110 கத்தி, பித்தளையும் மரமுமாக 200 கிராம் இருக்கும். பிரான்சின் ஒப்பினெல் 8-ஆம் எண் கத்திக்கு 8.5 செ.மீ. அலகு, ஆனாலும் மொத்தம் 50 கிராம் வராது. விக்டோரினாக்ஸின் சாவிக்கொத்துக் கத்தி 21 கிராம்.

சரி, பூட்டு. நம் வீடுகளில் இருந்த பழைய பேனாக்கத்திக்குப் பூட்டே கிடையாது. பிடியின் முதுகில் ஒரு பட்டை வில், லாரிக்குக் கீழே இருக்கும் பட்டை மாதிரி, அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த நிலையில் அலகின் அடியில் உள்ள தட்டையான முகம் வில்லின் மேல் படிந்து உட்காரும். அவ்வளவுதான் பிடிப்பு. முதுகுப்பக்கம் அழுத்தினால் மடங்கிவிடும். உர மூட்டையின் தையலைப் பிரிக்க, மாங்காய் நறுக்க இது போதும். முனையால் குத்தித் திருப்பும் வேலைக்கு ஆகாது. கயிற்றுப் பிரி முடிச்சு ஒன்றை அப்படி நெம்பப் போய் என் ஆள்காட்டி விரலில் மூன்று தையல் விழுந்தது. அதன் பிறகுதான் பூட்டுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் என்னை மயக்கியது, லைனர் பூட்டு எனப்படும் தகட்டுப் பூட்டு. மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் 1980-களின் தொடக்கத்தில் அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். பிடிக்குள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை நீளவாக்கில் கீறி, ஒரு நாக்குபோலப் பிரித்து, சற்றே உள்பக்கமாக வளைத்துவிடுகிறார்கள். அந்த நாக்கே வில், அதுவேதான் தாழ்ப்பாளும். கத்தி மடங்கியிருக்கும்போது அலகு அதை ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறது. முழுக்கத் திறந்ததும் அலகு விலகி வழிவிட, நாக்கு 'டக்'கென்று தாவி அலகின் அடிக்குப் பின்னால் போய் நிற்கும். இனி அலகு மடங்க வேண்டுமானால் அந்தத் தகட்டை நீளவாக்கில் நசுக்க வேண்டும். தகட்டை வளைப்பது சுலபம், நீளவாக்கில் நசுக்குவது மிகக் கடினம்.

இதற்குள் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. நாக்கு வந்து முட்டும் அந்த முகம் நேராக வெட்டப்பட்டதல்ல, சாய்வானது. மண்வெட்டிக் காம்பு ஆடினால் என்ன செய்கிறோம்? ஓர் ஆப்பு வைத்துத் தட்டுகிறோம். ஆப்பின் சரிவு குறைவாக இருந்தால் வெட்ட வெட்டவும் வெளியே வராது. சரிவு அதிகமானால் துள்ளி விழும். எவ்வளவு சரிவு வரை நிற்கும்? ஒரு பலகையில் பித்தளை டம்ளரை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். டம்ளர் நழுவத் தொடங்கும் கோணம்தான் உராய்வுக் கோணம். அதன் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம், பள்ளியில் படித்ததுதான். எண்ணெய் பட்ட எஃகின் மேல் எஃகு உரசினால் குணகம் சுமார் 0.15, அதாவது கோணம் எட்டரை பாகை. கத்தி செய்பவர்கள் அந்தச் சாய்வை ஏழு, எட்டு பாகையை ஒட்டி வைப்பதற்குக் காரணம் இதுதான். அலகு எவ்வளவு அழுத்தினாலும் நாக்கு பக்கவாட்டில் நழுவாமல் உராய்வே பிடித்துக்கொள்கிறது.

நேராகவே வெட்டிவிட்டால் என்ன? தேயத் தேய இடைவெளி விழுந்து அலகு ஆடத் தொடங்கும். சாய்வு இருப்பதால், தேய்ந்த அளவுக்கு நாக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்து போய்த் தானே இறுக்கிக்கொள்கிறது. தன் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்யும் பொறி, ஒரு கீறலும் ஒரு வளைவும் மட்டுமே செலவு! கடையில் கத்தியைத் திறந்து பாருங்கள். நாக்கு அந்த முகத்தின் அகலத்தில் கால்பங்கு முதல் பாதிக்குள் நிற்க வேண்டும். புதுக் கத்தியிலேயே மறுகோடிக்குப் போயிருந்தால் வாங்க வேண்டாம். அப்புறம், கீல் பகுதிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். பூட்டு முகத்தில் கிரீஸ் தடவக் கூடாது. ஏன் என்பது மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது.

ஒப்பினெலில் 1955 முதல் பூட்டாக ஒரு சுழல்வளையம் வருகிறது. எளிமையானது, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் பிடி பீச் மரம். ஐப்பசி அடைமழையில் மரம் ஊதி, அலகு உள்ளேயே இறுகிக்கொள்ளும். டெல்டாவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இனி எஃகு. துரு ஏறாமல் காப்பது குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். கூர் நிற்பதற்குக் கார்பன் வேண்டும். ஆனால் அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். அதனால் 0.6 சதவீதக் கார்பனும் 13.5 சதவீதக் குரோமியமும் கொண்ட 12சி27 போன்ற நடுத்தர எஃகு நமக்கு நல்லது. டி2 எஃகில் கார்பன் ஒன்றரை சதவீதம். கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். குரோமியமே இல்லாத எஃகில் வாழைச்சாறு பட்டால் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். சாற்றின் டானினும் இரும்பும் சேரும் வினை அது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான்.

நம் ஊர்க் கொல்லர் பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி, கனலின் நிறத்தை மட்டும் பார்த்துத் தண்ணீரில் தோய்த்து அடிக்கும் அரிவாளின் கடினத்தன்மை எவ்வளவு, ஓரத்துக்கும் முதுகுக்கும் எவ்வளவு வேறுபாடு? திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் துறையே இருக்கிறது. நூறு அரிவாளை வாங்கி அளக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். இதற்கெல்லாம் நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன.

காத்து கருப்பு அண்டாதென்று தலையணைக்கடியில் கத்தி வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் படுக்கும் இடத்தில் பூட்டில்லாத பேனாக்கத்தி பெரிய ஆபத்து.

ஆக, மன்னார்குடி வாசகருக்கு என் பதில்: ஏழு செ.மீ. அலகு, நைலான் பிடி, தகட்டுப் பூட்டு, 12சி27 அல்லது அதை ஒத்த எஃகு, 70 கிராமுக்குள். தார் வெட்ட இது உதவாது, அதற்கு அரிவாள்தான். காய்ந்த சருகு கழிக்க, இலை நறுக்க, கயிறு அறுக்க இது போதும். வேலை முடிந்ததும் வாய்க்கால் தண்ணீரில் சாற்றைக் கழுவி, வேட்டி முனையால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு மடக்குங்கள்.