டாக்கிங் படத்தைப் பார்த்து மாத்திரை விழுங்காதீர்கள்

முன்னாள் மாணவர் ஒருவர் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தந்தைக்கு டெங்கு. காய்ச்சல் தொடங்கியதும் மருத்துவரிடம் போகாமல், வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, ஒட்டுண்ணிகளுக்கான ஐவர்மெக்டின் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியில் ஒரு வண்ணப் படம்: வைரஸின் புரதம், அதன் குழிக்குள் மருந்து மூலக்கூறு, ஓரத்தில் ஓர் எண். தலைப்பு, ‘கணினி கண்டுபிடித்த டெங்கு மருந்து’. ரத்த அழுத்தம் இறங்கிய பிறகுதான் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். கொரோனா காலத்திலிருந்து இதே கதையைக் கேட்டுக் கேட்டு என் பொறுமை போய்விட்டது. மருந்து மூலக்கூறைப் புரதத்தின் குழியில் கணினியில் பொருத்திப் பார்ப்பதற்கு ‘டாக்கிங்’ என்று பெயர். அப்படிப்பட்ட படங்களை உருவாக்குவதுதான் என் தொழில். அதனால் சொல்கிறேன்: அவற்றை நம்பி யாரும் எதையும் விழுங்கக் கூடாது.

பழைய மருந்தைப் புதிய நோய்க்குத் தேடுவதில் தவறில்லை. அதன் பக்கவிளைவுகள் முன்பே தெரிந்திருப்பதால் பல ஆண்டுகள் மிச்சமாகும். 2020 பிப்ரவரியில் கொரோனா வைரஸ் பெருகத் தேவையான முக்கியப் புரதமான புரோட்டியேஸின் அமைப்பு பொதுவில் வெளியானதும், உலகம் முழுவதும் எங்களைப் போன்றவர்கள் கையில் கிடைத்த மருந்துகளையெல்லாம் அதில் பொருத்திப் பார்த்தோம். ஒரு கணினி இருந்தால் போதும், விரைவில் ஒரு பட்டியல் வந்துவிடும். அது அவ்வளவு எளிதாக வந்துவிடுவதுதான் ஆபத்து.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது அந்த எண்ணைப் பற்றிய மயக்கம். ‘இந்த மருந்துக்கு மைனஸ் 9.2, அந்த மருந்துக்கு மைனஸ் 8.1. ஆகவே முதல் மருந்து வைரஸைக் கொல்லும்’ என்று எழுதுகிறார்கள். அந்த எண் யாரும் அளந்து எடுத்ததல்ல, மருந்து புரதத்தோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணையும் என்று மென்பொருள் கிலோகலோரிக் கணக்கில் போட்ட மதிப்பீடு. மைனஸ் கூடக் கூடப் பிணைப்பு இறுக்கம் என்று பொருள். பரவலாகப் பயன்படும் ‘வீனா’ மென்பொருளை உருவாக்கியவர்களே அதன் பிழை அளவு ஏறத்தாழ 2.85 கிலோகலோரி என்று எழுதியிருக்கிறார்கள். 1.4 கிலோகலோரி மாறினாலே பிணைப்பின் வலிமை பத்து மடங்கு மாறும். அப்படியானால் பிழையின் அளவு மட்டுமே நூறு மடங்கு. இதில் 9.2 என்ன, 8.1 என்ன? இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

இன்னொன்றும் உண்டு. மூலக்கூறு பெரிதாக இருந்தால் தொடும் இடங்கள் கூடும், எண்ணும் தானாக மைனஸ் பக்கம் கூடிவிடும். ஐவர்மெக்டினின் மூலக்கூறு எடை சுமார் 875. நாம் வழக்கமாக விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை 500-க்குள் இருப்பவை. எனவே டெங்குப் புரதமோ கொரோனாப் புரதமோ, எதைக் கொடுத்தாலும் ஐவர்மெக்டின் பட்டியலின் மேல்பகுதிக்கு வந்து நிற்பதில் வியப்பில்லை. ஆய்வு மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒரு சொல்: நோயோடு தொடர்பே இல்லாத புரதத்திலும் அதே மருந்தைப் பொருத்திப் பாருங்கள். அங்கும் அதே எண் வந்தால் கட்டுரையை மூடி வையுங்கள். ‘மருந்து கண்டுபிடித்த கல்லூரி’ என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுக்காதீர்கள்.

சரி, உண்மையிலேயே பிணைகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு சேரும்? 2020 ஏப்ரலில் மெல்போர்ன் ஆய்வகத்தில் 5 மைக்ரோமோலார் செறிவில் இருந்த ஐவர்மெக்டின், செல்களில் இருந்த கொரோனா வைரஸை 48 மணி நேரத்தில் பெருமளவு ஒழித்தது உண்மை. ஆனால் வழக்கமான மாத்திரை அளவால் ரத்தத்தில் சேர்வது அதில் ஒரு சிறு பங்குதான். பிரேசிலிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது பயன் ஏதும் தெரியவில்லை. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கதையும் அப்படித்தான். குரங்கின் சிறுநீரகச் செல்களில் வைரஸைத் தடுத்தது, மனித நுரையீரல் செல்களில் தடுக்கவில்லை. 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெகவரி’ சோதனை அதனால் இறப்பு குறையவில்லை என்று அறிவித்தது. அதற்குள் எத்தனை வீடுகளில் அதைப் பதுக்கி வைத்தார்கள்! முடக்குவாதத்துக்கும் லூபஸ் என்னும் நோய் எதிர்ப்புக் கோளாறுக்கும் அன்றாடம் அதை உண்பவர்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

கணினி சரியாகச் சொன்னதும் உண்டு. முடக்குவாத மருந்தான பாரிசிடினிப் கொரோனாவுக்கு உதவலாம் என்று லண்டனின் பெனவலன்ட்ஏஐ நிறுவனம் கணினித் தேடலின் வழியாக 2020 பிப்ரவரியிலேயே சொன்னது. பிறகு பெரிய சோதனைகள் நடந்தன. ரெகவரி சோதனையில் இறப்பு 13 சதவீதம் குறைந்தது. 2022 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. கணிப்புக்கும் அனுமதிக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல். அதுவும் மருத்துவமனையில் ஆக்சிஜன் உதவியோடு இருப்பவர்களுக்குத்தான். இது நோய் எதிர்ப்புச் செயல்பாட்டை அடக்கும் மருந்து, உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது. அந்தப் பிப்ரவரிச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டில் யாராவது விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

டெங்குவுக்கு வருகிறேன். குளோரோகுயின், ஹெபடைடிஸ் சி-க்காக உருவான பலாபிராவிர், செல்கோசிவிர் ஆகிய மூன்றும் டெங்கு நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டுத் தோற்றவை. முதல் இரண்டும் வியட்நாமில், மூன்றாவது சிங்கப்பூரில். ஆய்வகத்தில் மூன்றுமே நம்பிக்கை தந்தவைதான்.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். காய்ச்சலா? பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவற்றை நீங்களாக எடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் உடனே மருத்துவரிடம் கேளுங்கள். திரவ உணவு நிறையக் கொடுங்கள். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் டெங்கு மோசமாகக்கூடும், அன்று ‘சரியாகிவிட்டது’ என்று அசட்டையாக இருக்காதீர்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரணச் சோர்வு, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாட்ஸ்அப் பார்த்து எதையாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, எத்தனை கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும்.