ஷாக் அப்சார்பரில் ஆட்டத்தை நிறுத்துவது எது?

பைக்கில் ஷாக் அப்சார்பர் என்றதும் நம் கண்ணில் படுவது ஸ்பிரிங்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது வரும் அடியை வாங்கிக்கொள்வதும் அதுதான். ஆனால் ஸ்பிரிங் வாங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும், அதனால் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு வேகத்தடையைத் தாண்டிய பிறகும் வண்டி குதித்துக் குதித்துத்தான் போகும். அந்த ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். பிஸ்டன் அதைச் சின்னத் துளைகள் வழியே பிதுக்கித் தள்ள, எண்ணெய் எதிர்த்து நிற்க, ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி வெளியேறிவிடுகிறது. இதுதான் டாம்பிங். தமிழில் தணிப்பு என்கிறோம்.

மெக்கானிக் இதைப் பார்க்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஓங்கி அழுத்தி விடுவார். ஒரே தடவை எழும்பி நின்றால் சரி, மூன்று நான்கு தடவை ஆடினால் குனிந்து முன் ஷாக் அப்சார்பரான ஃபோர்க் குழாயைப் பார்ப்பார், அங்கே தூசி அப்பிய எண்ணெய் வளையம் இருக்கும். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. அதற்காகத் தணிப்பைக் கண்டபடி கூட்டவும் கூடாது, ஸ்பிரிங் திரும்ப நீள்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும், அடி நேராக முதுகில் இறங்கும்.

தணிப்பு போதாமல் போன கதைகளில், நடந்து செல்பவர்களுக்கென்றே கட்டிய லண்டன் மில்லெனியம் பாலம் முக்கியமானது. 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள், பக்கவாட்டில் ஆடியது, இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். நடக்கும்போது நம் உடம்பு இடமும் வலமும் லேசாகத் தள்ளும். பாலம் கொஞ்சம் அசைந்ததும் மக்கள் விழாமல் இருக்கக் காலை அகட்டி அதன் ஆட்டத்துக்கு ஏற்ப நடக்க, ஒவ்வொரு அடியும் பாலத்துக்குள் ஆற்றலை ஏற்றியது. அதாவது தணிப்புக்கு நேர் எதிரான வேலையை மக்களே செய்தார்கள். சோதனையில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ 160 பேர் வரை அடங்கியிருந்த பாலம் அதற்கு மேல் ஒரு சிலர் கூடியதும் பலமாக ஆட ஆரம்பித்தது. பாலத்திடம் இருந்த தணிப்பின் எல்லை அவ்வளவுதான்.

அப்புறம் 37 திரவத் தணிப்பான்களையும், அதிர்வுக்கு ஏற்ப எதிராக ஆடும் 52 எடைத் தணிப்பான்களையும் பொருத்தி, 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். அந்த 37-க்குள் இருப்பதும் பிஸ்டனும் திரவமும்தான்.